‘நொஸ்’ பொருத்தினால் போதுமா? பெட்ரோல் போய்ச் சேர வேண்டாமா?

செலாயாங் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிள் பட்டறைப் பக்கம் போனால் நம் பையன்கள் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் ‘செட்டிங்’ பற்றித்தான் இருக்கும். புளோக்கைப் பெரிதாக்கினால் எவ்வளவு ஓடும், எக்சோஸ் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று போகும் அந்தப் பேச்சில் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு பெயர் ‘நொஸ்’. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படத்தில் பொத்தானை அழுத்தியதும் கார் பாய்ந்ததைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் இன்று அப்பாமார்கள். ஆசை மட்டும் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது.

பொத்தானை அழுத்துவது சுலபம். அழுத்திய அந்த நொடியில் இயந்திரத்துக்குள் கூடுதலாக எவ்வளவு பெட்ரோல் போய்ச் சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நைட்ரஸ் பொருத்திய வண்டி பிஸ்டன் உருகிப் பட்டறைக்குத் திரும்பினால் பழி வாயுவின் மேல்தான் விழும். உண்மையில் பல நேரங்களில் குற்றவாளி பெட்ரோல் பற்றாக்குறைதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் அல்ல. தனியாக விட்டால் அது எரியாது. மருத்துவமனைகளில் மயக்கத்துக்கும் வலி குறைக்கவும் பயன்படும் அதே ‘சிரிப்பு வாயு’தான் இது. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர் விமானங்கள் சில, காற்று மெலிந்த உயரத்தில் இயந்திரம் சோராமல் இருக்க இதை உள்ளே செலுத்தின. ‘நொஸ்’ என்பது வாயுவின் பெயர்கூட இல்லை. 1978இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். ஃபோட்டோஸ்டாட் மாதிரி, நிறுவனத்தின் பெயரே பொருளின் பெயராகிவிட்டது.

இந்த வாயு செய்யும் வேலை ஒன்றுதான்: ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்ப்பது. சாதாரணக் காற்றின் எடையில் ஆக்சிஜன் சுமார் 23 விழுக்காடு. நைட்ரஸ் ஆக்சைட்டின் எடையில் அது சுமார் 36 விழுக்காடு. சிலிண்டருக்குள் இருக்கும் சூட்டில் அந்த வாயு பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. போத்தலிலிருந்து திரவமாக வந்து ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் குளிரவைத்து அடர்த்தியாக்குகிறது. ஆக்சிஜன் கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் எரிந்தால்தான் சக்தி. இரட்டிப்பு அரிசியைப் போட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பழைய அளவிலேயே ஊற்றினால் பானை அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்?

கணக்கு இப்படி வருகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. நைட்ரஸ் ஆக்சைடு என்றால் சுமார் 9.6 கிராமே போதும். அப்படியென்றால் 100 கிராம் நைட்ரஸ் உள்ளே போனால் குறைந்தது 10 கிராமுக்குச் சற்று அதிகமான பெட்ரோல் கூடவே போக வேண்டும். இது ஏட்டுக் கணக்கு. அனுபவமுள்ளவர்கள் இயந்திரத்தைச் சூட்டிலிருந்து காக்க இதைவிடத் தாராளமாகவே பெட்ரோல் விடுவார்கள்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்த வேலை ஓரளவு எளிது. நைட்ரஸுக்கு ஒரு குழாய், பெட்ரோலுக்கு ஒரு குழாய், இரண்டும் சேர்ந்து பீய்ச்ச ஒரு மூக்கு. நீண்ட காலம் கார்புரேட்டருடனேயே வந்த யமஹா 135எல்சி போன்ற கப்சாய்களை நோண்டிப் பழகிய கைகள், 2015இல் இங்கே அறிமுகமான யமஹா ஒய்15இசட்ஆர் போன்ற எரிபொருள் ஊசி வண்டிகளிலும் அதே பாணியில் கை வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஊசி வண்டியில் பெட்ரோலை அளந்து கொடுப்பது இசியு என்ற சிறு கணினி. திரோட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே காற்றழுத்தம் என்ன, இயந்திரம் எத்தனை சுற்று ஓடுகிறது என்று பார்த்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. நடுவில் ஒருவர் போத்தலிலிருந்து நைட்ரஸைத் திறந்துவிட்டது அதற்குத் தெரியாது. வழக்கமான காற்றுதான் வருகிறது என்று நினைத்து வழக்கமான பெட்ரோலையே விடும். புகைபோக்கியில் இருக்கும் ஆக்சிஜன் உணரி காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது நிதான ஓட்டத்தில்தான் அளவைத் திருத்த உதவும். முழு திரோட்டிலில் இசியு தன்னிடம் எழுதிவைத்த அட்டவணையைத்தான் பின்பற்றும். நைட்ரஸ் திறக்கப்படுவதும் அந்த நேரத்தில்தான்.

சரி, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கச் சொல்லலாமே என்று கேட்கலாம். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்போம். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிக்கிறது. 8,500 சுற்றில் ஓடும்போது ஒரு எரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பது சுமார் 14 மில்லிவிநாடி. அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, பீய்ச்சி, மூட வேண்டும். அதில் 80, 85 விழுக்காட்டுக்கு மேல் திறந்துவைத்தால் ஒழுங்காக மூடித் திறக்க அவகாசம் இருக்காது. தொழிற்சாலை பொருத்தும் இன்ஜெக்டர் அந்த வண்டியின் சொந்த சக்திக்கு அளந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. மிச்சம் அதிகம் இருக்காது.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். பெட்ரோல் இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 227 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. 15 குதிரைத்திறன் தரும் ஒரு கப்சாய்க்கு முழு வேகத்தில் மணிக்கு நாலரை லிட்டர் போல வேண்டும். அதன்மேல் 10 குதிரைத்திறன் நைட்ரஸ் ஏற்றினால் மேலும் 3 லிட்டர். இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைப் புதிதாகக் கேட்கிறோம். காருக்கு 50 குதிரைத்திறன் ‘ஷாட்’ என்றால் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கூடுதல். இந்தப் பெட்ரோல் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் சொல்லாமல் போத்தலை வாங்குவதில் அர்த்தம் இல்லை.

பதில்கள் இரண்டு வகை. நைட்ரஸை மட்டும் உள்ளே பீய்ச்சி, கூடுதல் பெட்ரோலை வண்டியின் சொந்த இன்ஜெக்டர் வழியாகவே கொடுப்பது ‘உலர்’ முறை. இதற்குப் பெரிய இன்ஜெக்டரும், நைட்ரஸ் திறக்கும் தருணத்தில் வேறு அட்டவணைக்கு மாறத் தெரிந்த இசியுவும் வேண்டும். முன்பு சிலர் பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றிச் சமாளித்தார்கள். அதில் ஒரு வரம்பு இருக்கிறது. அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் பெட்ரோல் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் வரும். அதற்குள் பம்ப் மூச்சு வாங்கிவிடும்.

நைட்ரஸோடு பெட்ரோலையும் தனி மூக்கு வழியாகச் சேர்த்துப் பீய்ச்சுவது ‘ஈர’ முறை. இதிலும் பெட்ரோலை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. பலர் வண்டியின் சொந்தப் பெட்ரோல் குழாயிலேயே ஒரு கிளை போட்டுவிடுகிறார்கள். பல ஊசி வண்டிகளில் அந்தக் குழாயின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம். கார்புரேட்டர் காருக்கென்று செய்த பழைய கிட் 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அளந்த ஜெட்டோடு வரும். அதை அப்படியே இங்கே பூட்டினால் இரண்டரை மடங்குக்கும் மேல் பெட்ரோல் கொட்டும். வண்டி கறுப்புப் புகை கக்கித் திணறும். அதைப் பார்த்துப் பயந்து ஜெட்டை அளவில்லாமல் சுருக்கினால் அடுத்த முறை பிஸ்டன் போய்விடும்.

கிளை போடுவதில் இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது மீட்டர் 43 காட்டும். நைட்ரஸ் சொலெனாய்டு திறந்ததும் பெட்ரோல் இரண்டு பக்கம் பிரிந்து ஓட, அழுத்தம் சரியும். அப்போது மூக்குக்கு மட்டுமல்ல, வழக்கமான இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் குறைகிறது. ஆகவே பெட்ரோல் முழு அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தத்தை அளக்க வேண்டும். குழாயைக் கழற்றி அளவுக் குவளையில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது பழைய முறைதான். செய்பவருக்குத் தெரிந்திருந்தால் நம்பகமானதும்கூட. பெட்ரோல் ஆவி சூழ்ந்த வேலை என்பதால் வீட்டு வாசலில் செய்து பார்க்கக் கூடாது.

இரண்டாவது வழி, நைட்ரஸுக்கென்றே தனிச் சிறு பெட்ரோல் தொட்டி, தனி பம்ப், தனி அழுத்தச் சீராக்கி வைப்பது. வண்டியின் சொந்த ஏற்பாட்டைத் தொட வேண்டியதில்லை. அந்தத் தொட்டியில் மட்டும் உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றலாம். பெரிய தொட்டியில் ரோன் 95 இருந்தாலும் பரவாயில்லை. பனிப்பிரதேச நாடுகளில் ஊசி முறைப் பனி வண்டிகளுக்கு நைட்ரஸ் பூட்டுவோரும் இதே இரண்டு வழிகளுக்கு நடுவில்தான் தலையைச் சொறிகிறார்கள். தனித் தொட்டியின் குறை, அதை நிரப்ப மறந்தால் மூக்கிலிருந்து நைட்ரஸ் மட்டும்தான் வரும் என்பது. கப்சாயில் இடமும் இல்லை, மின்சாரமும் தாராளம் இல்லை. சிறிய பேட்டரி ஒன்றே புதிய பம்பையும் இரண்டு சொலெனாய்டுகளையும் இழுக்க வேண்டும். மின்னழுத்தம் தளர்ந்தால் பம்பும் தளரும். ஆகவே பெட்ரோல் அழுத்தம் குறைந்த கணமே நைட்ரஸைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும். செலவு மிச்சம் என்று பலர் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

பனி வண்டிக்காரருக்கும் செலாயாங் பையனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே போத்தல் குளிர்ந்து அழுத்தம் விழுவதால் அதைச் சூடாக்கக் கம்பளம் போர்த்துகிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். நைட்ரஸ் போத்தலின் அழுத்தம் 0 டிகிரி செல்சியஸில் சுமார் 31 பார். 20 டிகிரியில் 50. 30 டிகிரியில் 63. 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது. பிற்பகல் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி இதைச் சுலபமாகத் தாண்டும். பெட்ரோல் அழுத்தமோ மாறுவதில்லை. காலையில் சரியாக இருந்த கலவை மதியம் வேறொன்றாகிவிடுகிறது. வெளிநாட்டு வீடியோவில் சொன்ன ஜெட் அளவை அப்படியே நகல் எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பெட்ரோல் குறைந்தால் நடப்பது வேகமாக நடக்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவின் சூடோ 2,000 டிகிரிக்கு மேல். வழக்கமாக பிஸ்டனைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய, சூடு குறைந்த வாயுப் படலம். எரிப்பு வெடிப்பாக மாறி அந்தப் படலம் கலைந்தால் பிஸ்டன் உச்சியில் ஓட்டை விழ சில நொடிகள் போதும். முன்னறிவிப்பு தரக்கூடியது ஸ்பார்க் பிளக். அதன் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போல் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தால் அது அலுமினியம். அதற்குமேல் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது.

ஓடும் வண்டியில் பிஸ்டன் இறுகினால் பின்சக்கரமும் இறுகலாம். எம்ஆர்ஆர்2 சாலையில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பெற்றோர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். விபத்துக்குப் பின் காப்புறுதி நிறுவனம் வண்டியைப் பிரித்துப் பார்த்து, தெரிவிக்காத மாற்றம் இருக்கிறது என்று இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்பு உண்டு. வேகத்தின் மேல் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்குச் செப்பாங் பந்தயத் தடம் 1999 முதல் இருக்கிறது. கப்சாய்களுக்கென்றே கப் பிரி பந்தயம் 1994இல் தொடங்கியது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. வாகனத்துக்கென விற்கப்படும் நைட்ரஸில், யாரும் முகரக் கூடாது என்பதற்காகவே கந்தக டை ஆக்சைடு கலக்கப்படுவது உண்டு. அது நுரையீரலை எரிக்கும். கலக்காத வாயுவைத் தொடர்ந்து முகர்ந்தாலும் உடலில் வைட்டமின் பி12 செயலிழந்து, கைகால் மரத்து, நடை தடுமாறும் நிலைக்குக் கொண்டுபோகும். மகனின் அறையில் வண்டி எதுவும் இல்லாமல் போத்தல் மட்டும் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி இயந்திரத்தைப் பற்றியது அல்ல.