பாம்படம்

பாம்படம் என்பது தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பெண்கள் காதில் அணிந்துவந்த ஒரு வகை அணிகலன் ஆகும். தாமிரபரணி பாயும் திருநெல்வேலிப் பகுதியில் இது பரவலாக வழக்கில் இருந்தது. படமெடுத்த பாம்பின் தோற்றத்தை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது என்பர். தண்டட்டி, முடிச்சு முதலியன இதனோடு தொடர்புடைய பிற காதணிகள் ஆகும்.

அமைப்பு

மெல்லிய பொன் தகட்டால் சதுரம், உருண்டை போன்ற வடிவங்களைச் செய்து, அவற்றை ஒன்றாக இணைத்துப் பாம்படம் உருவாக்கப்படுகிறது. உள்ளே அரக்கு நிரப்பப்படுவதால், பெரிய அணியாகத் தோன்றினாலும் அதற்கேற்ற அளவு பொன் தேவைப்படுவதில்லை.

காது வளர்த்தல்

இதனை அணிவதற்குக் காதின் துளை பெரிதாக இருத்தல் வேண்டும். சிறு வயதில் காது குத்திய பின், துளையில் பஞ்சுத்திரி, ஓலைச்சுருள் ஆகியவற்றைச் செருகி விரிவாக்குவர். பின்னர் குணுக்கு எனப்படும் எடைமிக்க வளையத்தை மாட்டுவர். நாளடைவில் காது தோள்வரை நீளும். இது "காது வடித்தல்" எனப்பட்டது.

பயன்பாடும் மறைவும்

பாம்படம் பெண்களின் சேமிப்பாகவும் விளங்கியது. வறட்சிக் காலத்திலும் மருத்துவச் செலவுக்கும் அடகு வைக்கப்பட்டது. காதை அறுத்துக் கொள்ளையிடும் திருடர்களால் இதனை அணிந்தோர் ஆபத்துக்கும் உள்ளாயினர்.

20-ஆம் நூற்றாண்டில் பள்ளிக் கல்வியும் புதிய நாகரிகமும் பரவியதால் இவ்வழக்கம் கைவிடப்படலாயிற்று. வளர்ந்த காது தானாகச் சுருங்காது என்பதால், பலர் அதனை அறுத்துத் தைத்துக்கொண்டு சிறு தோடு அணிந்தனர். பழைய பாம்படங்கள் பல உருக்கப்பட்டுப் புதிய நகைகளாயின. இன்று முதிய பெண்கள் சிலரிடமும் அருங்காட்சியகங்களிலும் மட்டுமே இவற்றைக் காணமுடிகிறது.