ஓய்வுநாளும் ஆடுகளமும்

“ஐயா, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணிக்கு ஆட்டம் இருக்கிறது, நான் போகலாமா?” இவ்வினாவை ஒருமுறையேனும் எதிர்கொள்ளாத ஆயர் இருப்பது அரிது. இதைக் கேட்கும் வாலிபர் ஆலயத்தை வெறுப்பவர் அல்லர். வெறுப்பவர் கேட்கவே மாட்டார். ஆட்டத்தையும் நேசித்து ஆண்டவரையும் நேசிக்க விரும்புகிறவரே இப்படிக் கேட்கிறார். “கூடாது” என்ற விடையைப் பெற்றவர் மறுமுறை நம்மிடம் வருவதில்லை. “போகலாம்” என்ற விடையைப் பெற்றவருக்கு மறுமுறை வர வேண்டிய தேவையும் இல்லை. இரு விடைகளும் உரையாடலை முடித்துவிடுகின்றன.

விளையாட்டு, திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றைக் குறித்து நம் சபைகளில் அளிக்கப்படும் போதனை பெரும்பாலும் இவ்விரு விடைகளுக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றிற்கு அப்பால் சிந்திக்க, ஓட்ட வீரராகவும் அருட்பணியாளராகவும் வாழ்ந்த எரிக் லிடெலின் வாழ்வு நமக்குத் துணைசெய்யும். ஒரு ஞாயிறன்று அவர் ஓட மறுத்ததை உலகம் அறியும். வேறொரு ஞாயிறன்று அவர் செய்ததை மிகச் சிலரே அறிவர். இரண்டையும் சேர்த்து நோக்கும்பொழுதே அவருடைய விசுவாசத்தின் தன்மை விளங்குகிறது. அதற்கு முன், திருமறையும் ஆதித் திருச்சபையும் இப்பொருளை எவ்வாறு அணுகின என்பதைக் காண்போம்.

1. பவுலும் பந்தயமும்

கொரிந்து நகருக்கு அருகில் இஸ்துமியப் போட்டிகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்றன. அவை பொசைடன் என்னும் கிரேக்கத் தெய்வத்தின் பெயரால் நடத்தப்பட்டவை. பவுல் அடிகள் ஏறத்தாழ கி.பி. 50-க்கும் 52-க்கும் இடையில் அந்நகரில் ஒன்றரை ஆண்டுக் காலம் ஊழியம் செய்தார். எனவே, அப்போட்டிகளின் ஆரவாரம் அவர் செவிகளுக்கு அந்நியமாயிருந்திருக்க முடியாது. 1 கொரிந்தியர் 9:24-27 பகுதியில் ஓட்டக்காரரையும் குத்துச்சண்டை வீரரையும் அவர் உவமையாக்குகிறார். வாடிப்போகும் ஓர் இலை மாலைக்காக அவர்கள் தங்களை எவ்வளவு கடுமையாக அடக்கிப் பயிற்றுகிறார்கள் என்பதே அவர் எடுத்துக்காட்டும் செய்தி.

இப்பகுதி எச்சூழலில் அமைந்துள்ளது என்பது கருதத்தக்கது. 8 முதல் 10 வரையிலான அதிகாரங்கள் விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்ட உணவைப் பற்றியவை. உண்பதற்கு எனக்கு உரிமை உண்டு; ஆயினும் என் உரிமை பலவீனமுள்ள சகோதரனை இடறச் செய்யுமானால் நான் அதை விட்டுவிடுவேன் என்பதே பவுலின் நிலை. ஊழியத்திற்கு ஊதியம் பெறும் உரிமையையும் தாம் பயன்படுத்தவில்லை என்று 9ஆம் அதிகாரத்தில் அவர் கூறுகிறார். இவ்வாதத்தின் முடிவிலேயே பந்தய உவமை வருகிறது. ஆகவே, அவர் குறிப்பிடும் தன்னடக்கம் உடலை வெறுக்கும் துறவு அன்று. தன்னைப் பரிசுத்தவானாகக் காட்டும் முயற்சியும் அன்று. பிறர் பொருட்டுத் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பயிற்சியே அது.

2. காட்சிகளை அஞ்சிய திருச்சபை

ஏறத்தாழ கி.பி. 200-இல் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், பொதுக் காட்சிகளைப் பற்றித் தனி நூலொன்று இயற்றினார். நாடகம், தேர்ப்பந்தயம், வாட்போர் ஆகிய யாவும் விக்கிரக வழிபாட்டில் வேரூன்றியவை என்றும், மனத்தின் வெறியைத் தூண்டுபவை என்றும், மனிதரின் வேதனையை வேடிக்கையாக்குபவை என்றும் அவர் கண்டித்தார். இவற்றுள் இறுதியான காரணம் இன்றும் வலிமை குன்றாதது. ஆயினும் அதே நூலின் முடிவில், கடைசி நியாயத்தீர்ப்பையே மாபெரும் காட்சியாக அவர் வருணிக்கிறார். விசுவாசிகளைத் துன்புறுத்தியோர் நெருப்பில் வேகுவதைக் காணும் மகிழ்ச்சியைப் பற்றியும் பேசுகிறார். அரங்கத்தை விட்டு வெளியேறியவரின் கண்களை விட்டு அரங்கம் வெளியேறவில்லை. தடை மட்டும் பார்வையைத் தூய்மையாக்குவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அகுஸ்தீனார் தம் “அறிக்கைகள்” நூலில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதுவதும் இதனோடு ஒத்தது. ரோமாபுரியில் நண்பர்கள் அவரை வாட்போர்க் காட்சிக்கு வற்புறுத்தி அழைத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். கூட்டத்தின் பேரொலி எழுந்தபொழுது ஆவல் மேலிட்டுக் கண்களைத் திறந்தார். அக்கணமே அக்கொடுமையின் இன்பத்திற்கு அடிமையானார். மூடிய கண்களின் வலிமையை அவர் நம்பினார். திறந்திருந்த செவிகளை மறந்தார். அவர் தம்மையே சார்ந்திருந்தமையால் வீழ்ந்தார் என்பது அகுஸ்தீனாரின் கருத்து.

3. பாரிஸ், 1924

லிடெல் 1902-இல் சீனாவின் தியன்ஜின் நகரில் ஸ்காட்லாந்து அருட்பணியாளரின் மகனாகப் பிறந்தார். அவர் பின்பற்றிய ஸ்காட்லாந்து ஓய்வுநாள் மரபு, 1647-இல் ஸ்காட்லாந்து திருச்சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையைச் சார்ந்தது. ஓய்வுநாளில் உலகத் தொழில்களை மட்டுமன்றி உலகப் பொழுதுபோக்குகளையும் விலக்க வேண்டும் என்று அவ்வறிக்கை போதிக்கிறது. இது வெறும் கோட்பாடாக எழுந்ததன்று. 1618-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், ஞாயிறு வழிபாட்டிற்குப் பின் சில விளையாட்டுகளை அனுமதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் மகன் சார்லஸ் 1633-இல் அதை மீண்டும் வெளியிட்டார். தூய்மைவாதிகள் கடுமையாக எதிர்த்தனர். 1643-இல் பாராளுமன்றம் அதை எரிக்குமாறு கட்டளையிட்டது. ஞாயிறு விளையாட்டு என்பது ஒரு காலத்தில் அரசனுக்கும் மனச்சாட்சிக்கும் இடையிலான வழக்காகவே இருந்தது.

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்றுகள் ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமையன்று அமைந்தன. லிடெல் ஓட மறுத்தார். தொடரோட்டங்களிலிருந்தும் விலகினார். 200 மீட்டரில் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஜூலை 11, வெள்ளிக்கிழமையன்று 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார்.

1981-இல் வெளிவந்த “சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்” என்னும் திரைப்படம் இந்நிகழ்ச்சியை உலகறியச் செய்தது. அதில், பாரிஸுக்குக் கப்பலேறும் வேளையில்தான் அவர் ஞாயிறு ஓட்டத்தைப் பற்றி அறிவதாகக் காட்டப்படுகிறது. உண்மையில் சில மாதங்களுக்கு முன்னரே அவர் கால அட்டவணையை அறிந்திருந்தார். அதற்கேற்ப 400 மீட்டருக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார். திரைக்கு ஒரு கணத்தின் நெருக்கடி தேவை. விசுவாசமோ பல மாதங்களின் மௌனமான பயிற்சியில் உருவாகிறது. காட்சி ஊடகம் நமக்குக் கற்பிக்கும் பக்தி எத்தகையது என்பதை உணர இவ்வேறுபாடு உதவும்.

அதே ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றவர் சென்னையில் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் ஆவார். விளையாட்டை அருட்பணியின் பகுதியாகக் கருதிய மரபு நம் நாட்டிலும் அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது.

4. வெய்ஷியன் முகாம்

பதக்கம் வென்ற மறு ஆண்டே லிடெல் சீனாவுக்குத் திரும்பினார். தியன்ஜினில் ஆசிரியராகப் பணியாற்றினார்; 1932-இல் ஆயராக அபிஷேகம் பெற்றார்; பின்னர் கிராமப்புறத்தில் ஊழியம் செய்தார். போர் நெருங்கியபொழுது, 1941-இல், கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண்மக்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாம் மகளை அவர் காணவே இல்லை. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தனர்.

அம்முகாமில் பெற்றோரைப் பிரிந்த அருட்பணியாளர் பிள்ளைகள் பலர் இருந்தனர். லிடெல் அவர்களுக்கு அறிவியல் கற்பித்தார், விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தினார். ஆயினும், ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு நடத்துவதில்லை என்ற தம் கொள்கையிலிருந்து அவர் மாறவில்லை. முகாமில் இருந்தோர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளின்படி, ஒரு ஞாயிறன்று பிள்ளைகள் தாமாகவே ஹாக்கி ஆடினர். நடுவர் இல்லாமையால் ஆட்டம் சண்டையில் முடிந்தது. மறு ஞாயிறு லிடெல் திடலுக்கு வந்து நடுவராக நின்றார்.

தங்கப் பதக்கத்திற்காக விட்டுக்கொடாத ஒன்றைச் சில பிள்ளைகளுக்காக அவர் விட்டுக்கொடுத்தார். இதைக் கொள்கையின் தளர்ச்சி என்று கூறுவோர் உண்டு. பவுலின் வாதத்தைப் பின்பற்றி வந்த நமக்கு அவ்வாறு தோன்றாது. பாரிஸில் அவர் துறந்தது தம் புகழுக்கான உரிமை. வெய்ஷியனில் அவர் துறந்தது தம் ஓய்வுநாளைத் தாம் விரும்பியவாறு காத்துக்கொள்ளும் உரிமை. முன்னது ஆண்டவர் பொருட்டு. பின்னது அவருடைய சிறியோர் பொருட்டு. ஓய்வுநாளில் சூம்பின கையுடையவனைச் சபையின் நடுவே நிறுத்திக் குணமாக்கிய இயேசு பெருமான் (மாற்கு 3:1-6) இவ்விரு துறவுகளையும் பிரித்து நோக்கியிருக்க மாட்டார். லிடெல் 1945 பிப்ரவரி 21 அன்று, மூளையில் ஏற்பட்ட கட்டியினால், தம் 43ஆம் வயதில் அம்முகாமிலேயே மரித்தார்.

5. கைக்குள் வந்த அரங்கம்

ஒரு காலத்தில் நம் சபைகள் திரையரங்கிற்குச் செல்லலாகாது என்று கற்பித்தன. அது இடத்தைச் சார்ந்த கட்டளை. 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபொழுது அரங்கம் வீட்டிற்குள் நுழைந்தது. இன்றோ கைப்பேசியின் வழியாக அது உள்ளங்கையில் தங்கிவிட்டது. செல்லலாகாது என்று தடுக்க இனி ஓர் இடம் இல்லை. அலிப்பியுஸின் மூடிய கண்களும் இங்கே பயன்படா. எக்கணமும் ஓர் ஒலி எழுந்து நம்மை அழைத்துக்கொண்டே இருக்கிறது.

இன்னும் ஆழமான ஆபத்து ஒன்றுண்டு. 2020-இல் பெருந்தொற்றின் காரணமாக ஆலயங்கள் மூடப்பட்டபொழுது வழிபாட்டைத் திரை வழியாக அளித்தோம். நோயுற்றோருக்கும் முதியோருக்கும் அது பெரும் ஆறுதலாயிற்று. அதை நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் அதன்பின் சிலர் வழிபாட்டையும் பிற காட்சிகளைப்போல் தெரிந்தெடுத்துப் பார்க்கவும், பாதியில் நிறுத்தவும், பிரசங்கிகளை ஒப்பிட்டு மதிப்பிடவும் பழகிவிட்டனர். ஞாயிறன்று திடலுக்குச் செல்லும் வாலிபரைக் கடிந்துகொள்ளும் நாம், ஆலயத்தையே காட்சித்திடலாக்கிக்கொண்டிருக்கிறோமா என்பதையும் ஆராய வேண்டும்.

ஓய்வுநாள் கட்டளையின் உபாகம வடிவம் (5:12-15) வேலைக்காரரும் வேலைக்காரிகளும் இளைப்பாற வேண்டும் என்றும், எகிப்தின் அடிமைத்தனத்தை மறவாதிருக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. நம் பொழுதுபோக்கிற்காக ஞாயிறன்று யார் ஓய்வின்றி உழைக்கிறார் என்ற வினா இக்கட்டளையினுள் அடங்கியுள்ளது. திடலைப் பெருக்குபவரும், ஆட்டத்தைக் காணும் நம் வீட்டு வாசலுக்கு உணவு கொண்டுவருபவரும் அக்கட்டளையின் பாதுகாப்பிற்குள் உள்ளவர்களே.

6. ஆயர்ப்பணிக்குச் சில கருத்துகள்

முதலாவதாக, பாவமா இல்லையா என்று கேட்பதோடு நில்லாமல், இக்காட்சியில் என் அயலான் யார், அவனை நான் எவ்வாறு நோக்குகிறேன் என்று கேட்கக் கற்பிக்க வேண்டும். திரையில் ஒரு பெண் இழிவுபடுத்தப்படுவதைக் கண்டு நகைப்பவரும், தோற்ற வீரரைக் கைப்பேசியில் தூற்றுபவரும் ஆலயத்திற்குத் தவறாமல் வருபவராக இருக்கலாம். தெர்த்துல்லியனின் எச்சரிக்கை இவர்களுக்கும் உரியது.

இரண்டாவதாக, வழிபாட்டு நேரத்தை மாற்ற இயலுமாயின் மாற்றுவது பாவமன்று. விளையாட்டுப் பயிற்சியிலும் முறைவேலையிலும் ஈடுபட்டுள்ளோர் உள்ள சபைகளில் சனிக்கிழமை மாலையிலோ ஞாயிறு அதிகாலையிலோ ஓர் ஆராதனையை அமைக்கலாம். அதோடு, எவ்வகையிலும் சபையோடு கூட இயலாத ஆட்டமாயின் அதை விட்டுவிடும் துணிவையும் வாலிபரிடம் வளர்க்க வேண்டும். இழப்பே இல்லாத விசுவாசத்தைப் பாரிஸில் ஓட மறுத்தவர் நமக்குக் கற்பிக்கவில்லை.

மூன்றாவதாக, கைப்பேசியைக் குறித்துப் பிரசங்கிக்கும் முன் ஆயர் தம் கைப்பேசியைக் குறித்து ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். இறையியல் மாணவர் விடுதிகளிலேயே இப்பயிற்சி தொடங்கலாம்.

நான்காவதாக, ஆயர் திடலுக்குச் செல்ல வேண்டும். வெய்ஷியன் பிள்ளைகளுக்கு ஓய்வுநாளைப் பற்றிய பிரசங்கத்தைவிட, சண்டையின்றி ஆட உதவும் ஒருவர் தேவைப்பட்டார். தமக்காகப் பெரியதொன்றை அவர் விட்டுக்கொடுத்தார் என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருந்தனர். ஆகவே அவரை மறக்கவில்லை.

ஞாயிறன்று ஆட்டம் இருக்கிறது என்று அடுத்த முறை ஒரு வாலிபர் நம்மிடம் வரும்பொழுது, விடை கூறும் முன் அவரை அமரச்செய்து, அவர் அணியில் இருப்போர் யார், ஆட்டம் எத்தனை மணிக்கு, எவ்விடத்தில் என்று விசாரிப்போம். அந்நாளில் அவர் எதை விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருக்கிறார் என்று கேட்போம். அவருக்காக நாம் எதை விட்டுக்கொடுப்போம் என்பதையும் ஆண்டவரின் சமுகத்தில் சிந்தித்து வைத்திருப்போம்.