மாடி ஏறுது... தி.நகர் ரோடு தாங்குமா?

சென்னை: ஊருக்கு நடுவே இடம் கிடையாது. அதனால் கட்டடங்கள் மேலே போகின்றன. அதில் தப்பில்லை. எந்த ரோட்டில் எத்தனை மாடி என்பதில்தான் சிக்கலே!

மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1959ல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. அது நிற்பது அகலமான ரோட்டில். அதே கூட்டத்தை ரங்கநாதன் தெரு மாதிரி சந்துக்குள் அடைத்தால்?

தி.நகர் இதற்கு ஏற்கனவே பதில் சொல்லிவிட்டது. 2008 செப்டம்பர் 1ந் தேதி ரங்கநாதன் தெருவில் பல மாடிக் கடை ஒன்றில் தீப்பிடித்து, 2 ஊழியர்கள் பலியானார்கள். 2017 மே 31ந் தேதி உஸ்மான் ரோட்டில் 7 மாடி ஜவுளிக்கடை எரிந்தது. ஒரு நாளைக்கு மேல் தீ அடங்கவில்லை. கட்டடத்தில் ஒரு பகுதி சரிந்து விழ, கடைசியில் மொத்தத்தையும் இடித்துத் தள்ளினார்கள்.

எப்.எஸ்.ஐ. என்றால் என்ன?

மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குதான் எப்.எஸ்.ஐ. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. எப்.எஸ்.ஐ. 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். அவ்ளோதான்!

2019ல் வந்த தமிழக கட்டட விதிகளில் 18.30 மீட்டர், அதாவது சுமார் 60 அடி உயரம் வரை சாதாரண கட்டடம். அதற்கு எப்.எஸ்.ஐ. 2. அதைத் தாண்டினால் அடுக்குமாடி. அதற்கு 3.25 வரை உண்டு. ஆனால் ரோடு அகலமாக இருக்கணும். சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் காலி இடம் விடணும். தீயணைப்பு வண்டி சுற்றி வரத்தான் இந்த இடம்.

காசு கட்டினால் கூடுதல்

அரசுக்குக் கட்டணம் செலுத்தி கூடுதல் எப்.எஸ்.ஐ. வாங்கலாம். 9 மீட்டர் ரோட்டில் 30 சதவீதம், 12 மீட்டரில் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50 சதவீதம். ரோடு சிறுத்தால் மாடியும் சிறுக்கணும் என்பதே கணக்கு.

கணக்கு சரிதான். கோட்டை விடுவது எங்கே? விதியை மீறிக் கட்டியவர்களுக்காக 1998ல் ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது. 1.7.2007க்கு முன் கட்டியவற்றுக்காக 2012ல் இன்னொரு சட்டப்பிரிவு வந்தது. 'முதல்ல கட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற தைரியம் வராமல் என்ன செய்யும்?

மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நடைமேம்பாலம் 2023ல் திறக்கப்பட்டது. நெரிசலுக்கு அது ஒரு நல்ல வழி. ஆனால் தீப்பிடித்தால் அதன் மேல் வண்டி வராது. கடைக்குள் வேலை பார்ப்பவரின் உயிர், வாசலில் உள்ள ரோட்டின் அகலத்தில்தான் இருக்கிறது.

பக்கத்தில் புது மாடி எழும்பினால், அனுமதி விவரத்தைக் கேட்டுப் பாருங்க. எத்தனை மாடிக்கு அனுமதி, எவ்வளவு இடம் விட்டிருக்காங்க என்று கேட்க வேண்டிய நேரம் கட்டும்போதுதான். கட்டி முடித்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?