‘டபுள் டவுன்’ செய்தார்... பாராட்டா, திட்டா?

ஆங்கிலச் செய்தித் தலைப்புகளில் அடிக்கடி தென்படும் வார்த்தை ‘டபுள் டவுன்’. அரசியல்வாதி டபுள் டவுன் செய்தார் என்றால் அது திட்டு. அதே வார்த்தை, “இந்த புராடக்ட்ல டபுள் டவுன் பண்ணுவோம்” என்று உங்க மேனேஜரின் மெயிலிலும் வரும். அங்கே அது உற்சாகம். எப்படி?

பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் இருந்து வந்த சொல் இது. சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தணும், அதுதான் ஆட்டம். முதல் ரெண்டு சீட்டைப் பார்த்ததும், கட்டிய பணத்தை இரண்டு மடங்காக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன்: அதுக்கப்புறம் ஒரே ஒரு சீட்டுதான். 2 வந்தாலும் சரி, ராஜா வந்தாலும் சரி, வேறு சீட்டு கேட்க முடியாது.

கேட்க வீம்பு மாதிரி இருக்கும். உண்மையில் இது கணக்கு. கையில் 6-ம் 5-ம் இருக்கு, மொத்தம் 11. ஒரு கட்டில் உள்ள 52 சீட்டில் 10, ஜாக்கி, ராணி, ராஜா என பத்து மதிப்புள்ளவை 16. அதில் ஒண்ணு வந்தா நேரா 21. டீலர் காட்டும் சீட்டு 6 என்றால் இன்னும் நல்லது, அவருக்கு அது மோசமான சீட்டுகளில் ஒண்ணு. அதாவது, ஜெயிக்கும் வாய்ப்பு தன் பக்கம் இருக்கும்போதுதான் விவரமான ஆட்டக்காரர் டபுள் டவுன் செய்வார்.

செய்திகளில் அர்த்தம் தலைகீழ். 2019 செப்டம்பர் 1 அன்று, டோரியன் புயல் அலபாமாவையும் தாக்கலாம் என்று ட்வீட் போட்டார் டிரம்ப். அன்றே, அலபாமாவுக்குப் பாதிப்பு இல்லை என்றது பர்மிங்ஹாமில் உள்ள தேசிய வானிலை அலுவலகம். அவர் பின்வாங்கவில்லை. மூன்று நாள் கழித்து அவர் காட்டிய வரைபடத்தில், கறுப்பு மார்க்கரால் அலபாமா வரை கோடு நீண்டிருந்தது! இதுதான் செய்தி பாஷையில் டபுள் டவுன். ‘இரட்டிப்பாக்கினார்’ என்று மொழிபெயர்த்தால் ஒண்ணும் புரியாது. ‘பிடிச்ச முயலுக்கு மூணு கால்’ என்று நின்றார், அவ்வளவுதான்.

ஆபீஸ் வழக்கு பழைய சூதாட்ட அர்த்தத்துக்கு நெருக்கம்: நல்லா போற விஷயத்தில் இன்னும் பணம், ஆள், நேரம் போடுவது.

எந்த அர்த்தம்னு கண்டுபிடிக்க, அடுத்து வரும் சொல்லைப் பாருங்க. மார்க்கெட், டிசைன், ஹையரிங் என்றால் முதலீடு. பேச்சு, குற்றச்சாட்டு, பொய் என்றால் பிடிவாதம். யார் சொல்றாங்க என்பதும் முக்கியம். தன்னைப் பற்றிச் சொல்பவர் பெரும்பாலும் பெருமையாத்தான் சொல்வார். ஆனா அப்ரைசலில், “தவறைச் சுட்டிக்காட்டியபோது இவர் டபுள் டவுன் செய்தார்” என்று உங்களைப் பற்றி வந்திருந்தா, அதுக்கு தேங்க்ஸ் சொல்லி ரிப்ளை போட்டுடாதீங்க.