சோற்றைக் குறைத்தால் தட்டில் எதை வைப்பது?

இரவு ஏழு மணிக்கு மேல் அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏதேனும் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு சப்பாத்தி வேகும் மணம் வரும். ஏனென்று கேட்டால், "அப்பாவுக்குச் சர்க்கரை, ராத்திரியில் சோறு கூடாதாம்" என்பார்கள். எங்கள் மனையியல் வகுப்பில் ஒருநாள், வீட்டில் யாருக்கேனும் நீரிழிவு உண்டா, கை தூக்குங்கள் என்று ஆசிரியை கேட்டபோது, உயராத கைகளை எண்ணுவதே எளிதாக இருந்தது. மாவுச்சத்தைக் குறைத்து உண்பது என்றால் என்ன, அதற்கான பொருள்கள் நம் கடைகளில் எவை என்று அன்று தேடத் தொடங்கினோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நாம் உண்ணும் மாவுச்சத்து வயிற்றில் செரித்துக் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அது போதாமலோ, உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்க்காமலோ போனால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. 1921இல் கனடா நாட்டு டொரன்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரையில், மாவுப் பண்டங்களை விலக்கி, ஏறக்குறையப் பட்டினி போடுவதே டாக்டர்களுக்குத் தெரிந்த வைத்தியம். நம் சென்னையில் டாக்டர் மா. விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையும் கண்டார். சோறுண்டு பழகியவர்களிடம் சோறே கூடாது என்றால் நடவாது என்பதை அறிந்த அவர், நார்ச்சத்து மிகுந்த உணவை வற்புறுத்தினார். இன்றைய அறிவுரை மாவுச்சத்தின் அளவையும் சேர்த்துக் குறைக்கச் சொல்கிறது. காரணம் இல்லாமலில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் கணக்கிட்டது.

இனி, எங்களைத் திடுக்கிட வைத்த செய்தி. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பெயரால் நெடுநாள் வழங்கிவரும் அட்டவணையில், 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். சரிதானே என்று கோதுமை மாவைப் பார்த்தோம்: 69. கம்பு 67. சர்க்கரைக்காரர்களின் அமுதம் என்று போற்றப்படும் கேழ்வரகு 72! கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிடக் கூடுதல் என்பது மெய்தான். ஆயினும் அதை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அப்படியானால் சப்பாத்தியால் பயனே இல்லையா? இருக்கிறது. சப்பாத்தியை எண்ணித் தின்கிறோம். சோற்றை யாரும் எண்ணுவதில்லை. இரண்டோடு நிறுத்துகிறவருக்கு நன்மை உண்டு. ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவுமாக உண்பவர் பாத்திரத்தை மாற்றினாரே தவிர, பண்டத்தை மாற்றவில்லை.

எவ்வளவு குறைப்பது? 2025இல் வெளியான ஆய்வின்படி, இந்தியர் பெறும் கலோரிகளில் ஏறத்தாழ 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 310 கிராம் மாவுச்சத்து. புதிதாக நோய் கண்டவர்கள் இதை 49 முதல் 54 சதவிகிதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவிகிதம் அளவுக்கு உயர்த்தினால் நல்ல பலன் கிட்டும் என்று 2022இல் வந்த ஆய்வொன்று கூறுகிறது. பாதியாக, அதாவது 50 சதவிகிதமாகக் குறைத்தால் 250 கிராம். வித்தியாசம் 60 கிராம். அரிசிக் கணக்கில் சொன்னால், நாளைக்கு ஏறத்தாழ அரை ஆழாக்கு. ஒரு வேளைச் சோற்றையே விட்டுவிட வேண்டுமோ என்று அஞ்சியிருந்த எங்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதலாயிருந்தது. ஆனால் அந்த அரை ஆழாக்கின் இடத்தில் வேறொன்றை வைக்காவிட்டால் பதினொரு மணிக்கே பசி எடுக்கும்; கை பிஸ்கட் டப்பாவைத் தேடும்.

வைப்பதற்குரியதைத் தேடி ஒரு சனிக்கிழமை காலையில் ஆவடி மார்க்கெட்டுக்குப் போனோம். முதலில் கண்ணில் பட்டவை கீரைக்கட்டுகள்: அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி. முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பட்டாபிராம் பக்கம் வேலிக்கு வேலி அது உண்டல்லவா? காய்களில் நீர்க்காய்கள் எல்லாம் நமக்கு நண்பர்கள். 100 கிராமில் சுரைக்காய்க்கு மாவுச்சத்து இரண்டரை கிராம், புடலைக்கும் பீர்க்கைக்கும் மூன்று சொச்சம், கத்தரிக்கும் பாகலுக்கும் நான்கு, முட்டைக்கோசுக்கு ஐந்துக்கும் குறைவு, வெண்டைக்கு ஆறு. கிழங்குகள் வேறு சாதி. உருளை 23, சேப்பங்கிழங்கு 21, சர்க்கரைவள்ளி 28, மரவள்ளி 38. மண்ணுக்குள் விளைவதெல்லாம் ஆகாது என்று ஒரு விதி சொல்வார்கள். அது முழுதும் சரியல்ல. முள்ளங்கியில் மூன்றரை கிராம்கூட இல்லை. சோற்றோடு உருளைக்கிழங்குப் பொரியல் உண்பது சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்வது போலத்தான்.

புரதத்துக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டியதில்லை. முட்டையில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை, மீனிலும் அப்படியே. வஞ்சிரம்தான் மீன் என்று எண்ணாமல், மத்தி, நெத்திலி, காரப்பொடி என்று கேட்டு வாங்கினால் கட்டுப்படியாகும். பூந்தமல்லிப் பக்கத்துத் தோழியர் செம்பரம்பாக்கம் ஏரி மீனின் பெருமையைச் சொல்லி ஓய்வதில்லை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கும் வீடுகளுக்கு இவை கைகொடுக்கும். சைவ உணவினருக்குத் தயிர், மோர், பனீர், வேர்க்கடலை, மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்று விற்கும் சோயா உருண்டை ஆகியவை உண்டு. பருப்பைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். துவரம்பருப்பிலும் பாசிப்பயற்றிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்துத்தான். ஆனால் அரிசியில் ஏழு கிராம் அளவே உள்ள புரதம் இவற்றில் 22 முதல் 24 கிராம். தோலோடு கூடிய முழுப்பயற்றில் நார்ச்சத்தும் சேர்வதால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது. ஆகவே நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேரும் இட்லியைவிட, பயறும் பருப்பும் மிகுதியாகப் போட்டு அரைத்த அடை மேல். நம் பகுதித் தெலுங்குக் குடும்பங்களின் பெசரட்டு அதனினும் மேல்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பல வீடுகளில் பசி தீர்த்தது அதுதான். குறைகூற நமக்கு வாயில்லை. ஆயினும் அரிசி சும்மா வருகிறது, காய்க்குக் காசு போகிறது என்னும்போது ஏழைத் தாய் எதை நிறையச் சமைப்பாள்? "சோற்றைக் குறையுங்கள்" என்று அவளிடம் சொல்வது எளிது. அதே கடையில் மலிவாகக் கிடைக்கும் துவரம்பருப்பை விட்டுவிடாமல் வாங்கி, சுரைக்காயோ கீரையோ சேர்த்துக் கெட்டிக் கூட்டாக வைப்பதே அந்த வீட்டுக்குப் பொருந்தும் வழியென எங்களுக்குப் படுகிறது. நீர்க்கச் சாம்பார் வைத்தால் அது சோற்றைத்தான் கேட்கும்.

பெரிய கடைகளில் "சர்க்கரை சேர்க்காதது" என்ற பிஸ்கட்டும், பலதானிய மாவும் அழகழகாய் அடுக்கியிருக்கின்றன. வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதையே முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதற்சொல் மைதா என்றிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வரலாம். கார்போஹைட்ரேட் என்ற வரியில் 100 கிராமுக்கு எவ்வளவு என்பதே நாம் பார்க்க வேண்டியது. தேநீரையும் மறக்காதீர்கள். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், ஷிப்டு வேலையில் நான்கு தேநீர் குடிக்கும் தந்தைக்கு 40 கிராம் அதிலேயே போய்விடுகிறது. பழங்களில் கொய்யாவும் பப்பாளியும் அளவோடு தகும். வாழைப்பழம் 100 கிராமில் 27.

எச்சரிக்கை ஒன்று. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேளாமல் திடீரென்று சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தையும் கீரையையும் தாமாகக் கூட்டக் கூடாது. கருவுற்ற தாய்மாரும், வளரும் வயதினராகிய நாமும், இதைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டு டப்பாவைக் காலியாக்கிக்கொண்டு வர வேண்டாம். மெலிய வேண்டும் என்ற ஆசையில் சிலர் செய்வது எங்களுக்குத் தெரியும்.

எங்களுள் ஒருத்தியின் பாட்டியிடம் இவற்றையெல்லாம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரசத்துக்கு ரெண்டு கரண்டி சோறு இல்லாம எனக்கு ஆகாதும்மா" என்றார். அந்த இரண்டு கரண்டியை அப்படியே விட்டுவிட்டோம். அதற்கு முந்திய சாம்பார்ச் சோற்றின் இடத்தில் இப்போது பாட்டியின் தட்டில் சுரைக்காய்க் கூட்டும், முளைக்கீரை மசியலும், ஒரு அவித்த முட்டையும் இருக்கின்றன.