வென்ற குதிரையும் தேய்த்த கைகளும்

குதிரைப் பந்தயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சித்திரை மாதத்து நுவரெலியாதான். மறுநாள் பத்திரிகையில் படம் வரும்: வென்ற குதிரை, வெற்றிக் கிண்ணம், சிரித்த முகத்துடன் உரிமையாளர். விடியுமுன் அக்குதிரையை நடத்திப் பழக்கியவர் யார், தீனி வைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் ஓவியர் கேட்டார். அவர்தான் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் (1724-1806).

இவர் லிவர்பூலில் தோல் பதனிடும் ஒருவரின் மகன். குதிரையைத் தீட்டுமுன் அதன் உள்ளமைப்பை அறியவேண்டும் என்று எண்ணினார். 1756 அளவில் ஹோர்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, இறந்த குதிரைகளைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு எனப் படைபடையாக நீக்கி வரைந்தார். இந்த வேலை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நடந்தது. நாற்றத்தை எண்ணிப் பாருங்கள்! அதன் பயனாகிய 'குதிரையின் உடற்கூறு' என்ற நூல் 1766இல் வெளிவந்தது.

அவருடைய 'விசில்ஜாக்கற்' ஓவியம் பற்றி ஒரு கதை உண்டு. தன் ஆளுயரப் படத்தைக் கண்ட அக்குதிரை, எதிரே வேறோர் ஆண்குதிரை நிற்பதாக எண்ணிப் பாய்ந்ததாம். வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி எழுந்து புல்லுண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையாக இராது. அந்த ஓவியம் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது 1765இல் அவர் தீட்டிய 'ஜிம்க்ராக்' ஓவியமே. உருவிற் சிறிய சாம்பல் நிறக் குதிரை அது. ஒரே படத்தில் இரண்டு நேரங்கள் காட்டப்படுகின்றன. தூரத்தில், பந்தயத்தில் முந்தி ஓடுகின்றது ஜிம்க்ராக். ஆர்ப்பரிக்கக் கூட்டமில்லை. அண்மையில், ஓட்டம் முடிந்து நிற்கின்றது. பயிற்றுநர் அதைப் பிடித்திருக்கிறார். இலாயப் பையன் வியர்வையைத் தேய்த்துவிடுகிறான். குதிரையோட்டி ஒருபுறம் நிற்கிறார். உரிமையாளரான பிரபு படத்திலே இல்லை.

இவ்விடத்தில் புறநானூற்றின் குதிரைமறம் என்னும் துறை நினைவுக்கு வருகின்றது. 299ஆம் பாட்டில் பொன்முடியார் முதலிற் பார்ப்பது தீனியைத்தான். சீறூர் மன்னனின் குதிரைக்கு உழுந்துச் சக்கை. பெருவேந்தனின் குதிரைகளுக்கோ நெய் பெய்த கவளம். களத்தைப் பிளந்து சென்றது சக்கை தின்ற குதிரை! இலாயத்துக்குள் நுழைந்து பார்த்த கண் புலவருக்கும் இருந்திருக்கின்றது.

ஸ்டப்ஸ் தம் எழுபத்தைந்தாவது வயதளவில் மேற்கொண்ட வேலை மிகக் கடுமையானது. 1799 மார்ச் 25ஆம் திகதி நியூமார்க்கற்றில் ஹம்பிள்டோனியன், டயமன்ட் என்ற இரு குதிரைகள் 3,000 கினிப் பந்தயத்தில் நாலு மைலுக்கும் மேல் ஓடின. ஹம்பிள்டோனியன் வென்றது, கழுத்தளவு இடைவெளி கூட இல்லை. சாட்டையும் குதிமுள்ளும் இரண்டையும் வதைத்திருந்தன.

உரிமையாளர் சேர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ற் ஓவியம் கேட்டார். வெற்றிக் களிப்பை எதிர்பார்த்திருப்பார் போலும். ஸ்டப்ஸ் தீட்டியதோ பன்னிரண்டடி அகலத் துணியில், காதுகள் பின்சாய, வாய் திறந்து, களைத்து நிற்கும் குதிரையை. ஒருவர் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். பையன் ஒருவன், துடைக்கும் துணியுடன், குதிரையின் முதுகிற் கைபோட்டு நிற்கிறான். இருவரும் நம்மை நேரே பார்க்கின்றனர். அப்பார்வையில் மகிழ்ச்சி இல்லை. 'இதற்காகவா?' என்று கேட்பதாகவே எனக்குப் படுகின்றது.

பணம் தர மறுத்தார் சேர் ஹென்றி. முதிய ஓவியர் நீதிமன்றம் ஏறி, 1801இல் வழக்கை வென்றார். ஓவியம் இன்று வட அயர்லாந்தில் மவுன்ட் ஸ்ரூவேட் மாளிகையில் இருக்கின்றது.