தர்மக் கடையில் பேரம் பேசலாமா?

"தர்மத்துக்குன்னு யாரோ கொடுத்த சட்டை... அதுக்கு எட்டு பவுண்டா? அநியாயம்பா!"

மேற்படிப்புக்காக இங்கிலாந்து போன உங்க சீனியரையோ, பெரியப்பா பையனையோ கேட்டுப் பாருங்க. முதல் மாசத்துலயே இந்த டயலாக்கைப் பேசியிருப்பாங்க. செப்டம்பர்ல போய் இறங்கி, அக்டோபர்ல பல்லு கிடுகிடுன்னு அடிக்க ஆரம்பிச்சதும், "புது கோட்டு வாங்கிக் காசைக் கரியாக்காதே. நேரா சாரிட்டி ஷாப்புக்குப் போ"ன்னு யாராவது வழி காட்டுவாங்க. ஒரு பவுண்டுன்னா நூறு ரூபாய்க்கு மேலன்னு மனசுக்குள்ளே பெருக்கல் போட்டுக்கிட்டே உள்ளே போனா, ஹேங்கர்ல தொங்குற பழைய ஜீன்ஸ்ல ஏழு பவுண்டு, எட்டு பவுண்டுன்னு சீட்டு! 'ஏழைகளுக்கான கடைன்னு சொன்னாங்களே?' என்று குழம்பாத ஆளே கிடையாது.

அங்கேதான் விஷயமே இருக்கு. அது ஏழைகளுக்கான கடைன்னு யார் சொன்னது?

இந்தக் கடைகள் எப்படின்னு முதல்ல பார்த்துடுவோம். இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊரின் கடைவீதிக்குப் போனாலும் வரிசையாக நாலைந்தாவது கண்ணில் படும். ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச் யு.கே., பர்னார்டோஸ், உள்ளூர் ஹாஸ்பிஸ்கள்... மொத்தம் சுமார் 10 ஆயிரம் கடைகள். ஜனங்க தங்களுக்கு வேண்டாத துணி, புத்தகம், பீங்கான் கோப்பை, பொம்மை எல்லாத்தையும் இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பாங்க. கடை அதை வித்து, வர்ற லாபத்தை அந்தந்த அமைப்பின் வேலைக்கு அனுப்பும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. இப்படித் தன்னார்வலராக வேலை செய்பவர்கள் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல்!

ஐடியா புதுசு இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்திலேயே செஞ்சிலுவைச் சங்கம் அங்கே இருநூறுக்கும் அதிகமான கடைகளை நடத்தியது. ஆனா இன்னைக்கு நாம பார்க்கிற மாடலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஆக்ஸ்ஃபாம்தான். அது ஒரு சுவாரஸ்யமான கதை. நாஜிகள் பிடியில் இருந்த கிரீஸ் நாட்டில் கொடும் பஞ்சம். நேச நாடுகளின் கடல் முற்றுகையால் சாப்பாட்டுக் கப்பல்கூடப் போக முடியவில்லை. 1942-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சில பேர் கூடி, 'பஞ்ச நிவாரணத்துக்கான ஆக்ஸ்ஃபோர்டு கமிட்டி'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பேர் சுருங்கி ஆக்ஸ்ஃபாம் ஆச்சு. போர் முடிஞ்ச பிறகும் ஐரோப்பாவுக்கு உதவி அனுப்ப ஜனங்க அள்ளி அள்ளிக் கொடுத்தாங்க. அதையெல்லாம் வித்துக் காசாக்க 1947-48 வாக்கில் பிராட் ஸ்ட்ரீட் 17-ம் நம்பரில் ஒரு கடை திறந்தாங்க. 1949-ல் அங்கே சம்பளத்துக்கு வந்து சேர்ந்தவர் ஜோ மிட்டி. சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் ஒத்துவந்தா எதையும் விப்பேன் என்கிற டைப் ஆசாமி. ஒரு தடவை உயிரோடு ஒரு கழுதையையே வித்துக் கொடுத்திருக்கார்னா பார்த்துக்கோங்க!

கவனிச்சீங்களா? வந்த கழுதையை அவர் கிரீஸுக்கு அனுப்பலை. காசாக்கித்தான் அனுப்பினார். சாரிட்டி ஷாப்பின் மொத்தத் தத்துவமும் அந்தக் கழுதைகிட்ட இருக்கு.

நமக்கு இது ஏன் சட்டுனு உறைக்க மாட்டேங்குதுன்னா, பழைய துணின்னா 'இல்லாதவங்களுக்குக் கொடு' என்றுதான் நம்ம வீட்டில் பழக்கம். இல்லாட்டி பழைய துணிக்குப் பாத்திரம் தர்றவர்கிட்டே நாலு பட்டுப் புடவையைப் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கியிருப்பாங்க அம்மா. நேரா கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனா அது எப்பவும் வேலைக்காகாது. 2004 சுனாமி சமயத்தை உங்க அக்கா, அண்ணன்கிட்ட கேளுங்க. நல்ல மனசோட நாடே லாரி லாரியா துணி அனுப்பியது. அதில் கட்ட முடியாதது, போட முடியாதது எவ்வளவோ. நாகப்பட்டினம் பக்கம் சாலையோரத்தில் பழைய துணி மூட்டை மூட்டையாகக் குவிஞ்சு கிடந்தது. அதைப் பிரிச்சு, உருப்படியா பயன்படுத்தும் வேலையில் டில்லியில் இருந்து 'கூன்ஜ்' அமைப்பு இறங்க வேண்டியிருந்தது. வீட்டை இழந்த மீனவக் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியது யாரோ ஒருத்தரின் கிழிஞ்ச சட்டையா, இல்லை வலையும் படகும் வாங்கக் காசா?

இங்கிலாந்தில் சட்டமும் இதைத்தான் சொல்லுது. நீங்க ஒரு ஸ்வெட்டரைக் கொடுத்தீங்கன்னா அது நன்கொடை. கடை அதை விக்கிறது வரிக் கணக்கில் 'வியாபாரம்' ஆகாது. நன்கொடையைக் காசா மாத்துற வேலை, அவ்வளவுதான். உண்டியலில் விழுந்த நாணயத்தை எண்ணுற மாதிரி. ஆக, எட்டு பவுண்டு போகக்கூடிய சட்டையை ரெண்டு பவுண்டுக்குக் கொடுத்தா, மீதி ஆறு பவுண்டு கேன்சர் ஆராய்ச்சியில் இருந்தோ, ஹாஸ்பிஸ் படுக்கையில் இருக்கும் நோயாளியிடம் இருந்தோ போன மாதிரி. இப்படி யோசிச்சா கோபம் கொஞ்சம் குறையுதா?

சீட்டு ஒட்டுவது எப்படி?

இப்ப கடைக்குப் பின்னால் இருக்கும் ரூமுக்குள் எட்டிப் பார்ப்போம். உண்மையான ஆட்டமே அங்கேதான். மலை மாதிரி கறுப்பு பாலித்தீன் பைகள். ஒவ்வொண்ணாப் பிரிச்சு, கறை இருக்கா, பட்டன் இருக்கா, ஜிப் ஓடுதான்னு பார்ப்பாங்க. தேறினதை நீராவி மெஷினில் சுருக்கம் எடுத்து, ஹேங்கரில் மாட்டி, விலைச் சீட்டு குத்துவாங்க. சீட்டில் எந்த வாரம் வெளியே வந்ததுன்னு ஒரு குறி இருக்கும். ரெண்டு, மூணு வாரத்துல போகலைன்னா விலை குறையும். இல்லேன்னா வேற ஊர்க் கிளைக்குப் பயணம். அங்கேயும் விலை போகலைன்னா மூட்டை கட்டி, கிலோ கணக்கில் பழைய துணி வியாபாரிகிட்ட போயிடும்.

விலை எவ்வளவுன்னு முடிவு பண்றது பிராண்டு, துணியின் நிலைமை, அப்புறம் ஏரியா. நம்ம ஊர்ல ஒரே காபி மயிலாப்பூர் மெஸ்ஸில் ஒரு விலை, ஏர்போர்ட்டில் ஒரு விலை விக்குதில்லையா? அதே கதை. லண்டன் செல்ஸி மாதிரி பணக்கார ஏரியாவில் செஞ்சிலுவைச் சங்கக் கடைக்குப் போனா டிசைனர் டிரெஸ்ஸா தொங்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. சின்ன ஊரில் ஹாஸ்பிஸ் நடத்தும் கடையில் ஒரு பவுண்டு ஸ்டாண்டே தனியா இருக்கும்.

புத்தகம்னா இன்னும் ஜாக்கிரதை. முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஐம்பது பென்ஸ்னு எழுதிடுவாங்க. இப்ப சந்தேகமா ஏதாவது சிக்கினா உடனே இன்டர்நெட்டில் தேடிப் பார்ப்பாங்க. 2024-ல் செம்ஸ்ஃபோர்டு ஆக்ஸ்ஃபாமுக்கு வந்த ஒரு பழைய சீன மொழி பைபிளை யாரோ உஷாரா எடுத்து வெச்சிருக்காங்க. ஏலத்துக்குப் போனப்ப சில நூறு பவுண்டு வரும்னு எதிர்பார்ப்பு. கிடைச்சது 56 ஆயிரம் பவுண்டுக்கு மேல்! அதை ஐம்பது பென்ஸ் கூடையில் போட்டிருந்தா, எவனோ ஒரு வியாபாரி சிரிச்சுக்கிட்டே போயிருப்பான்.

"சரி பாஸ், சரக்கு ஓசி, ஆளும் ஓசி. அப்புறம் எதுக்கு இந்த விலை?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. சரக்குதான் ஓசி. கடை வாடகை, கரண்ட், லாரி, மேனேஜர் சம்பளம் எதுவும் ஓசி இல்லை. ஆகாத குப்பையை அள்ளிட்டுப் போகவும் காசு கொடுக்கணும். 2025 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண்டு ஆச்சு, அதோட முதலாளி கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையும் ஏறிச்சு. எல்லாம் போக, விற்பனையில் கையில் நிக்கிறது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அரசாங்கமும் கை கொடுக்குது, இல்லேன்னு சொல்லலை. நன்கொடைப் பொருளை விக்கிற கடைக்குச் சொத்து வரி மாதிரியான 'பிசினஸ் ரேட்ஸ்'ல 80 சதவீதம் தள்ளுபடி. 'வாட்' வரி கிடையாது. இதெல்லாத்தையும் விட ஜோரான ஒண்ணு, 'கிஃப்ட் எய்ட்'. பொருளைக் கொடுத்தவர் வருமான வரி கட்டுறவரா இருந்து, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தா, விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசாங்கம் சேர்த்துத் தரும். நீங்க திட்டிக்கிட்டே வாங்கின அந்த எட்டு பவுண்டு சட்டை, பத்து பவுண்டா மாறுது!

அதுக்காக எல்லா விலையும் நியாயம்னு ஜால்ரா அடிக்க மாட்டேன். பிரைமார்க் கடையில் புதுசே நாலைந்து பவுண்டுக்குக் கிடைக்கிற டி-ஷர்ட்டை, துவைச்சு வெளுத்த பிறகு அதே நாலு பவுண்டுக்குத் தொங்க விடுவது சுத்த அபத்தம். இது சட்டையின் மதிப்பு தெரியாம ஒட்டின சீட்டு. இன்னொண்ணு மனசை உறுத்துது. ஏழைகளுக்கான கடைன்னு எந்தச் சட்டத்திலும் இல்லைதான். ஆனா குழந்தைக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேற வழியில்லாம அங்கே வர்ற அம்மாக்கள் நிஜம். ஆன்லைனில் கூடுதல் விலைக்கு விக்க நல்லதையெல்லாம் காலையிலேயே அள்ளிட்டுப் போகும் கும்பலும் நிஜம். விலையை ஏத்தினா அந்த அம்மா அடிபடுவாங்க. குறைச்சா அந்தக் கும்பல் கொழிக்கும். குழந்தைங்க துணி, கம்பளிக் கோட்டு, ஷூ... இது மூணை மட்டுமாவது கைக்கு எட்டுற விலையில் வெச்சுட்டு, பிராண்டு ஹேண்ட்பேகுக்கு எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கோங்கன்னுதான் எனக்குத் தோணுது. அதைச் செய்ய மேனேஜருக்குக் கொஞ்சம் கண் இருந்தா போதும்.

இதுக்கு நடுவில் கடைகளே ஆட்டம் கண்டுக்கிட்டு இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான 'ஸ்கோப்' அமைப்பு, தன்னுடைய 138 கடைகளில் 77-ஐ மூடப் போறதா 2025 ஜனவரியில் அறிவிச்சுது. செலவு ஏறுது ஒரு பக்கம். வர்ற துணியின் தரம் இறங்குது இன்னொரு பக்கம். நாலு தடவை துவைச்சா நைஞ்சு போற துணியைத் தைச்சுத் தள்ளும் காலத்தில், யாரும் 'செகண்ட் ஹேண்ட்' என்று எதைக் கொடுப்பாங்க? நல்லதா இருக்கிறதை ஜனங்களே 'விண்டெட்' ஆப்பில் போட்டுக் காசு பார்த்துடறாங்க.

தேறாத துணி என்ன ஆகுதுன்னு கேட்டீங்கன்னா, பெரிய பயணம் போகுது. கொஞ்சம் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் இருக்கும் கன்டமன்டோ சந்தைக்குப் போகுது. அங்கே பழைய துணிக்கு உள்ளூர் மொழியில் 'செத்துப்போன வெள்ளைக்காரன் துணி'ன்னு பேரு! 2025 ஜனவரி தொடக்கத்தில் அந்தச் சந்தையில் பெரிய தீ பிடிச்சு ஆயிரக்கணக்கான வியாபாரிகள் பிழைப்பை இழந்தாங்க. இந்தியாவும் லிஸ்ட்டில் உண்டு. மேலை நாடுகள் கழிச்சுக் கட்டின கம்பளித் துணி குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியா வந்து, ஹரியானாவில் பானிப்பட் ஆலைகளில் நாராகக் கிழிக்கப்பட்டு, மறுபடி நூலாகி, போர்வையா மாறும். ரயிலில் நீங்க இழுத்துப் போர்த்திக்கிட்ட மலிவுக் கம்பளி, ஒரு காலத்தில் எந்த வெள்ளைக்காரர் தோளில் கிடந்த ஸ்வெட்டரோ!

நீங்க போறீங்களா? நோட் பண்ணிக்கோங்க

பேரம் பேசலாமான்னு தலைப்பிலேயே கேட்டுட்டு பதில் சொல்லாம விட்டா அடிக்க வருவீங்க. பொதுவா வேண்டாம். கல்லாவில் இருக்கும் பாட்டிக்கு விலை குறைக்கும் அதிகாரம் இருக்காது. "மூணு பவுண்டுக்குத் தாங்க பாட்டிம்மா"ன்னு ரங்கநாதன் தெரு ஸ்டைலில் ஆரம்பிச்சா, பாவம் அவங்க முகம் சிவந்து போயிடும். ஆனா பட்டன் இல்லை, ஓரத்தில் கறைன்னு குறை இருந்தா மேனேஜர்கிட்ட காட்டிக் கேக்கலாம். தப்பில்லை. கோட்டு வாங்க அக்டோபர் வரைக்கும் காத்திருக்காதீங்க, இறங்கின வாரமே போங்க. கெட்டில், அயர்ன் பாக்ஸ் மாதிரி கரண்ட் சாமான்னா, சோதிச்சுப் பார்த்ததுக்கான ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. சோபா வாங்கினா, தீப்பிடிக்காத துணின்னு சொல்லும் லேபிள் அதில் தைச்சிருக்கணும். நகர மையத்தை விட்டுட்டு, பஸ் ஏறி ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போனா விலை இறங்கும்.

சும்மா இருக்கிற சனிக்கிழமையில் அங்கேயே தன்னார்வலராச் சேரலாம். இங்கிலீஷ் பேச்சு பழகும், ரெஃபரன்ஸ் கிடைக்கும். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். ஒப்பந்தம் எதுவும் இல்லாத தொண்டுன்னா வாரம் 20 மணி நேர வேலைக் கணக்கில் சேராது. ஒப்பந்தம் மாதிரி எதிலாவது கையெழுத்துக் கேட்டா, யுனிவர்சிட்டியின் வெளிநாட்டு மாணவர் ஆபீஸில் விசாரிச்சுட்டுப் போடுங்க.

படிப்பு முடிஞ்சு கிளம்பும்போது பாத்திரம், மெத்தை விரிப்பு, கோட்டு எல்லாத்தையும் குப்பையில் வீசாதீங்க. ஹார்ட் ஃபவுண்டேஷன்காரங்க பல யுனிவர்சிட்டிகளில் இதுக்குன்னே 'பேக் ஃபார் குட்'னு பெட்டி வைப்பாங்க. துவைச்சுக் கொடுங்க. ராத்திரியில் கடை வாசலில் பையை வெச்சுட்டு ஓடி வராதீங்க. மழையில் நனைஞ்சா மொத்தமும் குப்பைக்குத்தான், அதுக்கும் கடைதான் காசு கட்டணும். இட்லித் தட்டைக் கொடுத்தீங்கன்னா மட்டும் உள்ளே ஒரு சீட்டு எழுதிப் போடுங்க. இல்லேன்னா 'முட்டை வேக வைக்கும் பாத்திரம், மூணு பவுண்டு'ன்னு ஒட்டி வெச்சுடுவாங்க!